ஐந்தாவது ஞானஸ்நானம்

ஜெலுத்தோங்,
6 ஜனவரி 2025

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து கெலுகோருக்குத் தபாலில் கடிதம் போடுகிற ஆள் இந்தப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மோட்டாரில் வந்தால் பத்து நிமிடம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து நான் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திக்கு ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. நீங்கள் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரி பிரமிளாதான் எனக்கு விளக்கினாள். போன சனிக்கிழமை பாசாரில் என்னைப் பார்த்ததும் மீன் வாங்காமலே திரும்பிப் போனீர்கள். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்காமல் இருந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட இடம் தவறு, நேரமும் தவறு. உங்கள் சபைப் போதகரும் சம்பந்தி வீட்டாரும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது, "அக்கா, இன்னிக்கு ராத்திரி செத்துப் போயிட்டீங்கன்னா எங்க போவீங்க? நிச்சயமா தெரியுமா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. விருந்து நாளில் சாவைப் பற்றிப் பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது. ஆனால் கேள்வியே தவறு என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

இன்னொரு சேதி. பிப்ரவரி 22, சனிக்கிழமை காலை, தஞ்சோங் பூங்கா கடலில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். இப்போது நான் போகிற சபையின் பாஸ்டர் சொல்கிறார், முன்பு எடுத்ததெல்லாம் இரட்சிப்பின் நிச்சயம் இல்லாமல் எடுத்தது, நிச்சயம் இல்லாத முழுக்கு வெறும் குளியல் என்று. யோசித்துப் பார்த்தால் எனக்கும் சரியாகத்தான் படுகிறது. நீங்கள் கரையில் வந்து நின்றால் சந்தோஷப்படுவேன். ஒன்றும் பேச வேண்டாம், நின்றால் போதும்.

உங்கள் தம்பி,
ஜெயராஜ்


கெலுகோர்,
14 ஜனவரி 2025

ஜெயராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து ஊருக்கு வர அதற்கு ஒரு வாரம் பிடித்திருக்கிறது. நடந்து வந்திருந்தால்கூட முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

நீ இடத்தையும் நேரத்தையும் எழுதினாய். எனக்கு என் கையிலிருந்த கரண்டியும் நினைவிருக்கிறது. ஆட்டிறைச்சிப் பிரட்டலைப் போதகர் தட்டில் வைக்கப் போனேன், கரண்டி பாதியில் நின்றுவிட்டது. சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு காலம் முழுவதும் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நான். என்னை என் வீட்டிலேயே எழுப்பி நிற்கவைத்தாய். எண்ணைத் தடுக்க எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு ஹரீஷைக் கூப்பிட்டுத்தான் தடுத்தேன். இப்போது அவன் வேலைக்காகக் கோலாலம்பூர் போயிருக்கிறான். ஆகவே நானே நினைத்தாலும் உடனே திறக்க முடியாது.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா என்னை டவுன் தமிழ்ச் சபைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்தார். பதினான்கு வயதில் திடப்படுத்தல். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன், இந்தச் சபையின் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். முன்வரிசை அப்பா காலத்திலிருந்து நம் வரிசை, அதை நான் காலியாக விட்டதில்லை. பிள்ளை பெற்ற மாதங்களைத் தவிர ஒரு திருவிருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை. என் இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகம் என்பது ஒரு நாள்கூட எனக்கு வந்தது கிடையாது. வேறென்ன வேண்டும் உனக்கு?

உன் கதையையும் கொஞ்சம் பார்ப்போமே. குழந்தையில் எனக்குக் கொடுத்த அதே தொட்டியில் உனக்கும் கொடுத்தார்கள். அது போதவில்லை என்று பதினெட்டு வயதில் பட்டர்வொர்த்தில் ஒரு கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் முழுகினாய். கல்யாணத்துக்குப் பிறகு பத்து பெரிங்கிக் கடற்கரையில் முழுகி மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தாய். அப்புறம் யாரோ வாடகைக்கு எடுத்த பங்களாவின் நீச்சல்குளத்தில், காற்றடித்த ரப்பர் வாத்து ஒன்று மிதந்துகொண்டிருக்க, நான்காவது தடவை. ஒவ்வொரு முறையும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாய், சளி பிடித்து வந்தாய், நான்தான் ரசம் வைத்துக் கொடுத்தேன். அந்த வெள்ளைச் சட்டையை நீ அத்தனை முறை ஒழுங்காகத் துவைத்திருக்கக்கூட மாட்டாய்.

நான் வரவில்லை. அன்று எங்களுக்குப் பெண்கள் ஐக்கியக் கூட்டம். கோபம் இன்னும் போகவில்லை, அதை வைத்துக்கொண்டு "அன்புள்ள" என்று தொடங்க எனக்கு வராது. அதனால்தான் மேலே வெறும் பெயர்.

நவமணி


ஜெலுத்தோங்,
22 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

வாத்தைப் பற்றி எழுதிய இடத்தைப் படித்துவிட்டுப் பிரமிளா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். நான் முழுகி எழுந்தபோது அது என் மூக்கில் வந்து இடித்தது, அதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஒன்றைச் சொல்லத்தான் சீக்கிரமே வந்தேன், சொல்லாமல் திரும்பிவிட்டேன். என் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. மார்ச் 18 அன்று பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கிறார்கள். டாக்டர் நல்ல பிள்ளை. "நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குத்தான் அங்கிள் பிரச்சனை வரும், பயப்படாதீங்க லா" என்றார். அந்த இரண்டு மூன்று பேர் யார் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரமிளாவுக்கு ஆபரேஷன் தெரியும், இந்தக் கணக்குத் தெரியாது.

அக்கா, அன்று உங்களை மடக்குவதற்காக நான் கேட்கவில்லை. அந்த மேசையில் இருந்தவர்களில் உங்களுக்குத்தான் பதில் தெரியும் என்று நினைத்தேன். சின்ன வயதில் வீட்டுப்பாடம் புரியாவிட்டால் உங்களிடம்தான் வந்து நிற்பேன், இதுவும் அப்படித்தான். சபைக்கு வருகிற புது ஆட்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அதனால் அதட்டலாக வந்துவிட்டது. உண்மையில் எனக்குத்தான் தெரியவில்லை. இன்று ராத்திரி நான் செத்தால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

ஒவ்வொரு முழுக்கிலும், "நிச்சயமா பிரதர்?" என்று கேட்பார்கள். நானும் கரைவரை கேட்கும்படி ஆமென் சொல்வேன். பொய் இல்லை, எழும்பி வரும்போது உள்ளம் லேசாகத்தான் இருக்கும். சில மாதம் போகும். ஒரு நாள் நான் ஓட்டுகிற பேக்டரி வேனுக்குக் குறுக்கே புகுந்த மோட்டார்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிடுவேன். உடனே உள்ளே ஆரம்பிக்கும், இவனா இரட்சிக்கப்பட்டவன் என்று. அப்புறம் தூக்கம் போய்விடும். அந்தச் சமயம் பார்த்து ஒரு புதுப் பாஸ்டர், உங்கள் பழைய ஞானஸ்நானம் செல்லாது என்பார். அப்பாடா, கோளாறு அங்கேதான் இருந்திருக்கிறது என்று நானும் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போது கையில் இருப்பது இரண்டு மாதம்கூட இல்லை. இந்தத் தடவையாவது நிச்சயம் நிலைத்து நிற்க வேண்டும்.

உங்களை அழவைத்துவிட்டேனோ என்னவோ. சிரிக்க ஒன்று சொல்கிறேன். பேக்டரி வேன்கள் எல்லாம் காலையில் பாசார் முன்னால் வரிசையாக நிற்கும், எல்லாம் வெள்ளை. என் வேனில் வருகிற ரூபினி போன வாரம் போனைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வேனில் ஏறிவிட்டாள். ஏறினதும் நல்ல தூக்கம். பாலத்தைத் தாண்டி, அக்கரையில் பிறை ஊர் பேக்டரி கேட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் விழித்திருக்கிறாள். "அண்ணே, நான் எங்க இருக்கேன்னே தெரியல" என்று போனில் ஒரே அழுகை. என் வேனில் இன்னொருத்தி இருக்கிறாள், தனலெட்சுமி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். அவள் கண்ணை மூடவே மாட்டாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும், "அண்ணே, இது பாயான் லெப்பாஸ் போற வழிதானே?" என்பாள். தினமும் சரியாகப் போய்ச் சேருகிறாள், தினமும் கேட்கிறாள்.

உங்கள் தம்பி,
ஜெயராஜ்


கெலுகோர்,
28 ஜனவரி 2025

அன்புள்ள ஜெயராஜ்,

படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பினேன். கேட்டைப் பூட்டும்போது, போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அழுதுவிடுவேன். நான் அழுதால் பிரமிளாவுக்கு அந்தக் கணக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வருகிறேன், அதற்குள் என்னைச் சரிப்படுத்திக்கொள்கிறேன்.

எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம். ரொட்டி சானாய் கண்ணில் படவே கூடாது. மாடிக்கு நடந்து ஏறாதே, லிப்ட் கெட்டுப்போயிருந்தால் கீழேயே உட்கார்ந்திரு.

வீட்டுப்பாடம் என்று எழுதினாய். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன், உன் கதையை வைத்தே சொல்கிறேன். தனலெட்சுமி வழியெல்லாம் பயந்தாள், ஆனாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவளுடைய தைரியம் இல்லை, நீ ஓட்டிய வேன். கம்பியை இறுக்கிப் பிடித்தாளா, தளர்த்திப் பிடித்தாளா என்று பார்த்து நீ வழியில் இறக்கிவிடவில்லை. நீ இத்தனை வருடமாக உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய், பிடி சரியாக இருக்கிறதா என்று. ஓட்டுகிறவரைப் பார். உன் ஆண்டவர் உன்னைவிட மோசமாகவா ஓட்டுவார்?

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டு, டீ கலக்கப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் நான் வேறெங்கோ இருப்பது தெரிந்தது. உனக்கு ஆறுதல் சொல்லத் தனலெட்சுமியை எடுத்துக்கொண்டேனே, அந்த இன்னொருத்தியை ஏன் விட்டுவிட்டேன் என்று தோன்றியது. சந்தேகம் ஒரு நாள்கூட வந்ததில்லை என்று போன கடிதத்தில் எவ்வளவு பெருமையாக எழுதினேன். ரூபினிக்கும் பாலம் தாண்டும்வரை வரவில்லை.

இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்கா


கெலுகோர்,
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள ஜெயராஜ்,

இன்று உன் வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் இதைச் சொல்லவில்லை. பிரமிளாவின் மீன்கறியைப் பற்றியும் உங்கள் லிப்டைப் பற்றியும் சீனப் பெருநாள் வெடிச்சத்தத்தைப் பற்றியும் பேசினோம். நீ இளைத்துப் போயிருக்கிறாய், அதைக்கூடச் சொல்லவில்லை. நமக்கு நேரில் பேச வராது போலிருக்கிறது. பேனா இருப்பது நல்லதாகப் போயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். முன்வரிசை எழுந்து போன பிறகுதான் அடுத்தது எழும், அப்படியே கடைசி வரிசைவரை. முன்வரிசையின் ஓரத்தில் நான். நான் எழுந்தால்தான் சபை எழும், அது அப்பாவின் காலத்து ஏற்பாடு, எனக்கும் அதில் ஒரு பெருமை.

அதற்கு முன்னால் போதகர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். யார்மேலாவது மனக்கசப்பு இருந்தால் ஒப்புரவாகிவிட்டுக் கிட்டே வாருங்கள் என்று. இதை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன். என்னைப் பார்த்துச் சொல்கிறார் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஜனவரி மாதம் உன் எண்ணைத் தடுத்து வைத்துக்கொண்டே போய் முழங்காலிட்டு வாங்கினேன் ஜெயராஜ். பாசாரில் உன்னைப் பார்த்துத் திரும்பி நடந்தேனே, அதற்கு மறுநாள். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை.

இன்று என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது, நான் உட்கார்ந்திருக்கிறேன். என் வரிசையும் உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசைகளும் இன்னும் நேரம் ஆகவில்லை போல என்று உட்கார்ந்திருக்கின்றன. போதகர் அப்பத் தட்டோடு நிற்கிறார். வரிசை பார்க்கிற தம்பி வந்து குனிந்து, "அக்கா, போங்க" என்றான். "நான் வரல தம்பி, மத்தவங்கள போகச் சொல்லு" என்றேன். ஒவ்வொருவராக என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். முடிந்ததும் நாலு பேர் ஓடி வந்து, "பிரஷர் கூடிருச்சாக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது இன்னொரு பொய்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது, நான் உனக்கு எழுதி அனுப்பியதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தேன். தொட்டி, திடப்படுத்தல், ஓய்வுநாள் பள்ளி, வரிசை. எல்லாம் நல்லவைதான், எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலில் ஆண்டவர் பெயரை ஒரு இடத்தில்கூட நான் எழுதவில்லை என்று அப்போது உறைத்தது. நீ வேண்டுமானால் எடுத்துப் பார். எனக்கு என்னைப் பற்றித்தான் அவ்வளவு நிச்சயம் இருந்திருக்கிறது. பயந்துபோனேன். இந்த வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீ இதில் பழையவன், நான் புதிது. அதனால் கேட்கிறேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நீ எப்படி இத்தனை வருடம் சபைக்குப் போனாய்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே.

அக்கா


ஜெலுத்தோங்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. தைப்பூசத்துக்கு ரோடெல்லாம் அடைத்திருந்தபோது வேனிலேயே உட்கார்ந்து யோசித்தேன், அப்போதும் வரவில்லை. நேற்று வந்தது.

நேற்று தஞ்சோங் பூங்காவுக்குப் போனோம். கூட்டத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்று போன வாரம் வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னபோது, கரைக்கு வர வேண்டாம் என்று நானே தடுத்ததன் காரணம் இதுதான்: நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் உங்களுக்காகவே சத்தமாக ஆமென் சொல்லிவிடுவேன். பிரமிளா மட்டும் துண்டோடு நின்றாள். எனக்கு முன்னால் நாலைந்து பேர், எல்லாம் இளசுகள், சந்தோஷமாக முழுகி எழுந்தார்கள். என் முறை வந்தது. இடுப்பளவு தண்ணீர். பாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பிரதர் ஜெயராஜ், இரட்சிக்கப்பட்டிருக்கீங்கன்னு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். ஆமென் வரவில்லை. "தெரியாது பாஸ்டர்" என்று வந்தது.

"என்ன பிரதர்?"

"எனக்குள்ள பாத்தா நிச்சயம்னு ஒண்ணும் இல்ல பாஸ்டர். பயந்தான் இருக்கு. ஆனா ஆண்டவர விட்டா எனக்கு வேற ஆளு கிடையாது. அது மட்டும் தெரியும்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். அலை வந்து வந்து இரண்டு பேரையும் ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, "அப்ப இன்னிக்கு வேணாம் பிரதர், நிச்சயம் வந்த பிறகு எடுத்துக்கலாம்" என்றார். சரி என்று திரும்பி நடந்தேன். கரையில் கைதட்டக் காத்திருந்தவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். பாதி நனைந்தவனை எங்கே துடைப்பது என்று பிரமிளாவுக்கும் தெரியவில்லை. பாஸ்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார், சாயங்காலம் போன் செய்து ஆபரேஷனுக்காக ஜெபமும் செய்தார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேனில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடமாக ஆண்டவர் முன்னால் சத்தம் போட்டு ஆமென் சொன்னவன், நேற்றுத்தான் முதல் முதலாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். இடி ஒன்றும் விழவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான் அக்கா. விட்டுவிட்டு எங்கே போவது? பயம் வரும்போதெல்லாம் நான் ஓடினேன், வாஸ்தவம்தான். ஆனால் அவரிடமேதான் ஓடியிருக்கிறேன். தண்ணீர் மாறியது, பாஸ்டர் மாறினார், ஆள் மாறவில்லை. ஆமென் சொல்கிற சத்தத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. உங்கள் போதகரிடம் சொல்லிவிடாதீர்கள், துள்ளிக் குதிப்பார். கைக்குழந்தையில் அப்பா ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வீறிட்டு அழுதேன் என்பீர்களே. நான் ஒன்றையுமே நிச்சயமாகச் சொல்லாமல் பெற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். ஐந்தாவது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் தம்பி,
ஜெயராஜ்


கெலுகோர்,
5 மார்ச் 2025

அன்புள்ள ஜெயராஜ்,

லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. ஹரீஷ் ஊரிலிருந்து வந்து உன் எண்ணைத் திறந்துவிட்டான். இரண்டு மாதத்துச் செய்தி ஒன்றுகூட வந்து சேரவில்லை, தடுத்து வைத்திருந்த காலத்தில் அனுப்பியவை வராதாம். என்ன எழுதியிருந்தாயோ, அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இனிமேல் போனிலேயே பேசலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கு இதுவும் வேண்டும்.

நீ இடுப்புவரை நனைந்து திரும்பியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். உன் இடத்தில் நான் இருந்தால் ஆமென் சொல்லி முழுகி எழுந்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எனக்கு அதில் பழக்கம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போனேன். முன்வரிசையில் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். அங்கே மின்விசிறிக் காற்றே வராது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்று. முன்வரிசை ஓரத்தில் யாரும் உட்காரத் துணியவில்லை. யார் முதலில் எழுவது என்று கொஞ்ச நேரம் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் யாரோ எழுந்தார்கள், எல்லாம் நடந்தது. நான் இல்லாமலும் சபை எழுந்து நடக்கிறது. கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டேன். முன்பெல்லாம் எனக்குரியதை வாங்கப் போவது மாதிரி போவேன். இந்தத் தடவை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இருக்கிறபோதும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, எப்படி என்று விளக்கத் தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று காலையிலேயே வந்துவிடுவேன். உனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அதை மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. எனக்கு இருக்கிற தம்பி நீ ஒருவன்தான். உன்னோடு பேசாமல் வீணாக்கிய நாட்களை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

எனக்காக ஜெபம் செய். வயதில் மூத்தவள் கேட்கிறேனே என்று பார்க்காதே.

அன்புடன்,
அக்கா


ஜெலுத்தோங்,
29 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

வீட்டுக்கு வந்த பிறகு நான் எழுதுகிற முதல் எழுத்து இது. கொஞ்சம் எழுதினால் மூச்சு வாங்குகிறது, பிரமிளா பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள்தான் தருகிறாள். மூன்று நாளாக எழுதுகிறேன். கையெழுத்துக்கு மார்க் போடாதீர்கள். கீழ்வீட்டு மீரா சாகிப் பாய் தினமும் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார், அதுதான் இப்போது எனக்குச் சாப்பாடு. நெஞ்சில் போட்ட தையல் இருமினால் உயிர் போகிறது. மற்றபடி நூறில் அந்த இரண்டு மூன்று பேரில் நான் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரமிளாவிடம் இப்போதுதான் கணக்கைச் சொன்னேன், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறீர்கள். நாம் கஞ்சியைப் பற்றியும் தையலைப் பற்றியும் பேசுகிறோம். சொல்ல வேண்டியதை வழக்கம்போல எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நீங்களும் பிரமிளாவும் கதவுவரை வந்தீர்கள், அதற்கு மேல் விடவில்லை. படுத்துக்கொண்டு போனால் மேலே விளக்கு மட்டும்தான் தெரிகிறது. எனக்கு ஒரு திட்டம் இருந்தது அக்கா. உங்களிடம் என்னென்னவோ எழுதினேன், ஆனாலும் அந்தக் கடைசி நிமிடத்தில் ஒரு தடவை உள்ளே நன்றாகப் பார்த்துவிட வேண்டும், நிச்சயம் இருக்கிறதா இல்லையா என்று. பழக்கம் லேசில் போகுமா? அந்த நிமிடத்தை நினைத்துத்தான் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு நடையில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் அதிர்கிற மாதிரி இடி. காலையில் நீங்கள் குடை இல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிய ராத்திரி ஆகும், இந்த மழையில் அக்கா எப்படி பஸ் பிடித்துப் போவார்கள், கிராப் டாக்ஸி கூப்பிட்டு ஏற்றிவிடச் சொல்லிப் பிரமிளாவிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாதியிடம் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் உள்ளே தள்ளிவிட்டார்கள். முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, அக்காவ பத்திரமா வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க என்று. பாதியில் தூங்கிவிட்டேன்.

மறுநாள்தான் விழித்தேன். தொண்டையில் குழாய், பேச முடியாது. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்தது, நான் உள்ளே பார்க்கவே இல்லையே என்று. நிச்சயம் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டேன் அக்கா. பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்த்தவன், பார்த்தே ஆக வேண்டிய அன்று மறந்துபோனேன். குழாயோடு சிரிக்க முடியாது என்பதால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வலிக்கிறதா என்று தாதி கேட்டாள், இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு மழையில் எப்படி வீட்டுக்குப் போனீர்கள்? இதுவரை கேட்கவே இல்லை. எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயராஜ்